ஒரே மாதிரி தெரியுற க்ளோஸ்டு பேக் ஹெட்ஃபோன், விலை மட்டும் ஏறிக்கிட்டே போகுது: எதை எடுக்கறது?

கேள்வி சுருக்கமா இதுதான். ஆடியோ-டெக்னிகாவோட எம் சீரிஸ்ல எம்20எக்ஸ், எம்30எக்ஸ், எம்40எக்ஸ், எம்50எக்ஸ்னு நாலு க்ளோஸ்டு பேக் ஹெட்ஃபோன் இருக்கு, பார்க்க எல்லாம் ஒரே அச்சு, விலை மட்டும் படி ஏறுது. பக்கத்துல பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, சோனி எம்டிஆர்-7506னு வேற ரெண்டு பேரையும் எல்லாரும் சொல்றாங்க. பாட்டு கேக்கணும், அப்பப்ப வாய்ஸ் ரெக்கார்ட் பண்ணணும், லேப்டாப்லயும் போன்லயும் நேரா சொருகணும், கண்ணாடி போடுவேன், எதை வாங்கலாம்?

இதுல கடைசியா போற போக்குல சொன்னீங்க பாருங்க, கண்ணாடி போடுவேன்னு, என்னைக் கேட்டா மொத்த கேள்வியிலயும் அதுதான் பெரிய விஷயம். ட்ரைவர் (கப்புக்குள்ள ஒலியை எழுப்பற குட்டி ஸ்பீக்கர்) சைஸ், ஓம் (இம்பீடன்ஸ், அதாவது மின்தடை அளவு), ஃப்ரீக்வென்சி ரேஞ்ச் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஏன்னு சொல்றேன். க்ளோஸ்டு பேக்ல கப்போட பின்பக்கம் மூடியிருக்கும், முன்பக்கம் பேட் உங்க தலையோட ஒட்டி இருக்கும், நடுவுல ட்ரைவருக்கும் காதுக்கும் இடையில ஒரு குட்டி அறை உருவாகும். 40 ஹெர்ட்ஸ் ஒலியோட அலை நீளம் எட்டரை மீட்டர் வரும், அவ்ளோ பெரிய அலை இந்த குட்டி அறைக்குள்ள அலையா ஓடறதில்ல, வெறும் காத்தழுத்தமா ஏறி இறங்குது, அந்த அழுத்தத்தைத்தான் நாம பேஸ்னு கேக்கறோம். பேட்டுக்கும் தோலுக்கும் நடுவுல ஒரு சின்ன சந்து கிடைச்சா போதும், குக்கர்ல கேஸ்கெட் சரியா உக்காரலன்னா நடக்கற கதைதான், அழுத்தம் நிக்காது. மேல இருக்கற மிட் (நடு ஒலி), ட்ரெபிள் (கீச்சு ஒலி) பெருசா மாறாது, ஆனா கீழ் பேஸ் 10 டெசிபல் வரைக்கும்கூட, சில மாடல்ல அதுக்கு மேலயும், காணாமப் போயிடும். 10 டெசிபல்ங்கறது சின்ன விஷயம் இல்ல, காதுக்கு கிட்டத்தட்ட பாதி சத்தம் குறைஞ்ச மாதிரி இருக்கும். எம்40எக்ஸுக்கும் எம்50எக்ஸுக்கும் இருக்கற ட்யூனிங் வித்தியாசத்தையே இது முழுங்கிடும். அதனாலதான் ஒரே ஹெட்ஃபோனை ஒருத்தர் பேஸ் ஜாஸ்திங்கறார், இன்னொருத்தர் பேஸே இல்லங்கறார், ரெண்டு பேரும் பொய் சொல்லல, ரெண்டு பேரோட தலையும் வேற.

இதை வீட்டுலயே, கையில எந்த ஹெட்ஃபோன் இருந்தாலும் சரி, இப்பவே டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம். பேஸ் கிட்டார் தொடர்ந்து ஓடற ஒரு பாட்டைப் போடுங்க, இல்லன்னா 40 ஹெர்ட்ஸ் டோன் ஒன்னு போடுங்க, ரெண்டு உள்ளங்கையாலயும் கப்பை மெதுவா காதோட சேர்த்து அழுத்துங்க. அழுத்தும்போது பேஸ் கூடுச்சுன்னா சாதாரணமா போடும்போது கசியுதுன்னு அர்த்தம். இப்ப கண்ணாடியைக் கழட்டிட்டு அதே டோனை மறுபடி கேளுங்க. கண்ணாடிக் கம்பி காதுக்கு மேல பேட்டைத் தூக்குற இடத்துலதான் சந்து விழும், கம்பி தடியா இருந்தா மோசம், மெல்லிசான மெட்டல் ஃப்ரேம்னா பெரும்பாலும் பிரச்சினை இல்ல. காதுக்கு மேல அடர்த்தியா முடி இருந்தாலும் இதே கதைதான். தாடை எலும்புக்குப் பின்னாடி காதுக்குக் கீழ ஒரு பள்ளம் இருக்கும்ல, சில பேருக்கு அது ஆழமா இருக்கும், அங்க பேட் தொடவே தொடாது, விரலை உள்ள விட்டுப் பார்த்தாலே தெரிஞ்சிடும்.

சரி, இப்ப எம் சீரிஸுக்கு வருவோம். ஸ்பெக் ஷீட்டை எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சா ஒரு வேடிக்கை தெரியும். ஃப்ரீக்வென்சி ரேஞ்ச்னு எம்20எக்ஸுக்கு 15 முதல் 20,000 ஹெர்ட்ஸ், எம்30எக்ஸுக்கு 22,000 வரை, எம்40எக்ஸுக்கு 24,000 வரை, எம்50எக்ஸுக்கு 28,000 வரைன்னு போட்டிருக்கும். விலை ஏற ஏற நம்பரும் அழகா ஏறுது. மனுசக் காதுக்கு அதிகபட்சம் 20,000, அதுவும் சின்ன வயசுல, முப்பது தாண்டுனா நெறைய பேருக்கு 17,000 மேல ஒன்னும் கேக்காது. சிடி தரத்துல இருக்கற பாட்டுலயே 22,050க்கு மேல எதுவும் கிடையாது. அப்போ அந்த 28,000 யாருக்கு? இன்னொன்னு, இந்த ரேஞ்ச் கூட ப்ளஸ் மைனஸ் எத்தன டெசிபலுக்குள்ளன்னு போடாம விட்டா அந்த நம்பருக்கு மதிப்பே இல்ல, 28,000ல சத்தம் 30 டெசிபல் விழுந்து கிடந்தாலும் 'வருது'ன்னு எழுதிக்கலாம். ஒரு ஹெட்ஃபோன் எப்படி கேக்கும்னு அந்த வரி எதுவுமே சொல்லாது, தாண்டிப் போயிடுங்க.

அதே ஷீட்ல உருப்படியா பாக்க வேண்டியது வேற இருக்கு. எம்20எக்ஸும் எம்30எக்ஸும் பேப்பர்ல ரெண்டுமே 40 மில்லிமீட்டர் ட்ரைவர், 47 ஓம், சென்சிடிவிட்டி (எவ்ளோ சத்தம் வரும்ங்கறது) 96 டெசிபல். ரெண்டுலயும் 3 மீட்டர் கேபிள் கப்போடயே பிக்ஸ் ஆகி வருது, கழட்ட முடியாது. எம்30எக்ஸ் மடங்கும், எம்20எக்ஸ் மடங்காது, ட்யூனிங்ல சின்ன வித்தியாசம் இருக்கு, பேட் கொஞ்சம் வேற, அவ்ளோதான். என் கணக்குல இந்த நாலுல வாங்கவே தேவையில்லாதது எம்30எக்ஸ்தான். கையில காசு கம்மின்னா எம்20எக்ஸோட நிறுத்திக்கலாம், கொஞ்சம் கூடப் போட முடியும்னா நேரா எம்40எக்ஸுக்குத் தாவிடலாம்.

எம்40எக்ஸுக்கு ஏன் தாவணும்னா, மொத காரணம் கேபிள். அங்கிருந்துதான் கேபிள் கழட்டி மாட்டற மாதிரி வருது, கப்ல 2.5 மிமீ சாக்கெட், உள்ள தள்ளி ஒரு திருகு திருகுனா லாக் ஆயிடும். கப் 90 டிகிரி திரும்பும், ரெக்கார்டிங்ல ஒரு காதை மட்டும் திறந்து வச்சுக்க சவுகரியமா இருக்கும். ஹெட்ஃபோன்ல சாவு எங்கருந்து வரும்னு பாத்தா பெரும்பாலும் ட்ரைவர்லருந்து இல்ல, கேபிள் ப்ளக் கிட்ட மடங்கி மடங்கி உள்ள இருக்கற கம்பி அறுந்து, ஒரு பக்கம் வந்து வந்து போகும், கேபிளை ஒரு கோணத்துல பிடிச்சுக்கிட்டா மட்டும் ரெண்டு பக்கமும் பாடும். பிக்ஸ்டு கேபிள்னா கப்பைத் திறந்து சால்டரிங் பண்ணணும், கழட்டற கேபிள்னா புதுசு ஒன்னு வாங்கி சொருகினா முடிஞ்சுது. உங்க உபயோகத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கு, 3 மீட்டர் கேபிளை போன்ல சொருகிட்டு நடந்து பாருங்க, பாதி கேபிள் பாக்கெட்ல, பாதி கால்ல. எம்40எக்ஸ்ல வர்ற ரெண்டு கேபிளும் நீளமானதுதான், ஒன்னு 3 மீட்டர் நேர் கேபிள், ஒன்னு சுருள், ஆனா குட்டி கேபிள் தனியா வாங்கிக்கலாம். எம்50எக்ஸ்ல 1.2 மீட்டர் கேபிளையும் சேர்த்து மூணா குடுத்துடறாங்க.

இப்ப எல்லாரும் அடிச்சுக்கற இடம், எம்40எக்ஸா எம்50எக்ஸா. எம்50எக்ஸ்ல 45 மிமீ ட்ரைவர், 38 ஓம், எம்40எக்ஸ்ல 40 மிமீ, 35 ஓம். ட்ரைவர் பெருசுன்னா ஒலி நல்லதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அதுக்கு ஆதாரம் இல்ல, ட்ரைவர் எந்த கப்ல, எவ்ளோ டேம்பிங்கோட (அதிர்வை அடக்கறது), எந்த பேட்டோட உக்காந்திருக்குங்கறதுதான் முடிவு பண்ணுது. கேட்டுப் பாத்தா எம்50எக்ஸ் பேஸையும் மேல ட்ரெபிளையும் கொஞ்சம் தூக்கி வைக்கும், ஆளைச் சட்டுனு இழுக்கற சத்தம், டிரம்ஸ் எலக்ட்ரானிக் எல்லாம் கும்முனு இருக்கும். எம்40எக்ஸ் அதைவிட சமமா இருக்கும், குரல் கொஞ்சம் முன்னாடி நிக்கும். நாகஸ்வரமோ வயலினோ அதிகம் கேக்கற ஆளுக்கும், சொந்தக் குரலை எடிட் பண்ற ஆளுக்கும் நான் எம்40எக்ஸைத்தான் சொல்வேன், விலை கம்மிங்கறதுக்காக இல்ல, அந்த ட்யூனிங் அவங்களுக்குப் பொருந்துது. இங்க கூட காசு குடுத்தா 'இன்னும் நல்லது' கிடைக்கல, 'வேற மாதிரி' கிடைக்குது, இந்த ரெண்டையும் குழப்பிக்கறதுலதான் பாதி சண்டையே நடக்குது.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டும் இல்லங்க. 2017ல ஜெரோன் ப்ரீபார்ட்ங்கறவர் 283 ஹெட்ஃபோனை அளந்து பாத்து, அமெரிக்க ஒலியியல் சங்கத்தோட இதழ்ல ஒரு கட்டுரை போட்டார், தலைப்புலயே முடிவைச் சொல்லிட்டார், ஹெட்ஃபோனோட ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸுக்கும் விலைக்கும் சம்பந்தம் தெரியலன்னு. அதாவது எந்த சுருதியை எவ்ளோ சத்தமா குடுக்குதுங்கற அந்த வளைவை மட்டும் பாத்தா அது விலை கூடினதா கம்மியானதான்னு கண்டுபிடிக்க முடியல. விலைக்கு அர்த்தமே இல்லன்னு இதை எடுத்துக்கக் கூடாது, ஹிஞ்ச், மெட்டீரியல், பேட், கேபிள், ஒரு பீஸுக்கும் அடுத்த பீஸுக்கும் வித்தியாசம் இல்லாம தயாரிக்கறது, ஸ்பேர் பார்ட்ஸ் இதெல்லாம் அந்த வளைவுல தெரியாது, காசு நெறைய அங்கதான் போகுது. ஹர்மன் கம்பெனில ஷான் ஆலிவ் குழு பல வருசமா ஆளுங்களை உக்கார வச்சு எந்த ட்யூனிங் பிடிக்குதுன்னு ஆராய்ச்சி பண்ணாங்க, அதுலருந்து வந்ததுதான் ஹர்மன் டார்கெட்னு சொல்ற வளைவு. அதே ஹர்மனுக்குச் சொந்தமான ஏகேஜில கே371னு ஒரு க்ளோஸ்டு பேக் அந்த வளைவுக்கு ரொம்ப நெருக்கமா வந்துச்சு, விலை நடுத்தரம்தான், அதைவிட பல மடங்கு விலையுள்ள சில க்ளோஸ்டு பேக்கை விட டோன் சரியா இருக்கும். ஆனா பாருங்க, அந்த கே371 பேட் கசிவுக்கு ரொம்ப சென்சிடிவ், கண்ணாடி போட்ட தலையில பேஸ் சட்டுனு போயிடும். அளவு மெஷின்ல முதல் மார்க், உங்க தலையில அந்த மார்க் வருமாங்கறது வேற கேள்வி.

டிடி 770 ப்ரோவுக்கு வருவோம், இதுல குழப்பம் வேற விதம். ஒரே பேர்ல 32 ஓம், 80 ஓம், 250 ஓம்னு மூணு இருக்கு, விலையில பெரிய வித்தியாசம் இல்ல, ஆனா வாங்கறவங்க 250தான் 'ஒரிஜினல் ஸ்டூடியோ', 32 சும்மா போனுக்குன்னு நினைச்சுக்கறாங்க. ஓம் கூடினா தரம் கூடும்னு எதுவும் கிடையாது. கணக்கைப் பாருங்க, மூணுக்குமே 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல்னு போட்டிருக்கு, ஆனா போனும் டாங்கிளும் (போன்ல சொருகற குட்டி ஹெட்ஃபோன் அடாப்டர்) குடுக்கறது வோல்டேஜ், அதனால 1 வோல்ட் குடுத்தா எவ்ளோ சத்தம்னு மாத்திப் பாக்கணும். 32 ஓம்ல 1 வோல்ட்னா 31 மில்லிவாட், அப்ப 111 டெசிபல். 80 ஓம்ல 12.5 மில்லிவாட், 107. 250 ஓம்ல 4 மில்லிவாட், 102. ஆக 32க்கும் 250க்கும் நடுவுல 9 டெசிபல் வித்தியாசம், நல்லாவே தெரியும், ஆனா 102 டெசிபல்ங்கறதே காது கிழியற சத்தம். 1 வோல்ட் குடுக்கற நல்ல டாங்கிள் இருந்தா 250 ஓம்கூட போன்ல ஓடும். அரை வோல்ட்தான் தர்ற டாங்கிளும் இருக்கு, அதுல 6 டெசிபல் குறைஞ்சு 96க்கு வந்துடும், சத்தம் கம்மியா ரெக்கார்ட் பண்ண பழைய கச்சேரி போட்டா வால்யூமை முழுசா வச்சும் பத்தாத மாதிரி இருக்கும், அங்கதான் 'ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வேணும்'ங்கற பேச்சு வருது. நேரா லேப்டாப், போன்னு சொல்ற உங்களுக்கு 250 தேவையில்லாத தலைவலி, அதோட 3 மீட்டர் சுருள் கேபிள் வேற, அதுவும் பிக்ஸ்டு.

அப்ப 32 எடுத்துடலாமான்னா, அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. 32 ஓம்ல கேபிள் 1.6 மீட்டர், போனுக்கு வசதி, ஆனா பேட் செயற்கைத் தோல். 80லயும் 250லயும் வெல்வெட் மாதிரி வெலோர் பேட். வெலோர் காதுக்கு வேர்க்காது, கண்ணாடிக் கம்பியைச் சுத்தி அமுங்கிக் குடுக்கும், மணிக்கணக்கா போட்டாலும் உறுத்தாது, அதனால கண்ணாடிக்காரங்களுக்கு டிடி 770 நிஜமாவே நல்ல சாய்ஸ்னு நானே பல பேருக்கு சொல்லியிருக்கேன். துணி பேட் தோல் பேட் அளவுக்கு இறுக்கமா மூடாது, கொஞ்சம் கசியும், ஆனா இந்த மாடலை அந்த பேட்டை வச்சே ட்யூன் பண்ணியிருக்காங்க, பேஸ் தாராளமாவே வரும். பிரச்சினை மேல, ட்ரெபிள்ல ஒரு கூர்மை இருக்கு, 'ஸ' 'ச' எழுத்தெல்லாம் காதுல குத்தற மாதிரி சில பேருக்கு இருக்கும், அதுக்கு ஈக்வலைசர் (பேஸ், ட்ரெபிளைத் தனித்தனியா ஏத்தி இறக்கற சாஃப்ட்வேர்) போட்டுக்கலாம், கீழ சொல்றேன்.

ஓம் பத்தி பேசறப்ப இன்னொன்னும் சொல்லிடறேன். வாய்ஸ் ரெக்கார்டிங்குக்கு நீங்க ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கை லேப்டாப்போட இணைக்கற பெட்டி) வாங்குவீங்க, விலை கம்மியான இன்டர்ஃபேஸ் சிலதுல ஹெட்ஃபோன் அவுட்புட்டோட இம்பீடன்ஸ் ஜாஸ்தியா இருக்கும். பொது விதி என்னன்னா அது ஹெட்ஃபோனோட ஓம்ல எட்டுல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாது, 32 ஓம் ஹெட்ஃபோன்னா 4 ஓம் வரை. மேல போனா ஹெட்ஃபோனோட இம்பீடன்ஸ் எங்க எகிறுதோ, பெரும்பாலும் பேஸ்ல, அங்க சத்தமும் எகிறும், பேஸ் கொழகொழன்னு ஆயிடும். 80 ஓம் எடுத்தா 10 ஓம் வரை தாங்கும். இன்டர்ஃபேஸ், லேப்டாப், டாங்கிள்னு மாத்தி மாத்தி சொருகற ஆளுக்கு 80 ஓம்தான் நடுவாந்தரமா உக்காரும்.

சோனி எம்டிஆர்-7506 பத்தி ரொம்ப நீட்ட வேண்டாம். 1991லருந்து வந்துக்கிட்டு இருக்கு, ஒலிப்பதிவு அறைகள்ல, ஷூட்டிங்ல சவுண்ட் ஆளுங்க தலையில எல்லாம் பாக்கலாம், 63 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 106 டெசிபல், போன்லயே கத்தும். குரல்ல இருக்கற குறையை, வாய் சத்தம், மூச்சு, பின்னாடி ஓடற ஃபேன் இதெல்லாம் பளிச்சுனு காட்டிக் குடுக்கும், எடிட்டிங்குக்கு அருமை, ஆனா சும்மா படுத்துக்கிட்டு பாட்டு கேக்க கொஞ்சம் கூர்மை. பேட் மெல்லிசு, காது ட்ரைவர் துணில தட்டும். சுருள் கேபிள், அதுவும் கழட்ட முடியாது. மேல் தோல் கொஞ்ச காலத்துல செதில் செதிலா உதிர்ந்து கழுத்துலயும் காதுலயும் கருப்பா ஒட்டிக்கும், பேட் மாத்தறது சுலபம், மாத்திடுங்க.

வெளிச்சத்தம் எவ்ளோ தடுக்கும்ங்கறதையும் பாக்கணும், க்ளோஸ்டு பேக் வாங்கறதே அதுக்குத்தானே. சென்ஹைசர் எச்டி 280 ப்ரோ 32 டெசிபல் வரைக்கும் தடுக்கும்னு விளம்பரம் இருக்கு, டிடி 770க்கு சுமார் 18 டெசிபல்னு போட்டிருக்கு. இந்த ரெண்டு நம்பரையும் கழிச்சுப் பாக்காதீங்க, ஒன்னு 'அதிகபட்சம்', இன்னொன்னு சராசரி மாதிரி ஒரு எடைபோட்ட கணக்கு. பேட்டரி இல்லாத எந்த க்ளோஸ்டு பேக்கும் மேல் சத்தத்தைத்தான் நல்லா தடுக்கும், பஸ் இன்ஜின் உறுமல், ஏசி ஹம் மாதிரி கீழ் சத்தம் பெரும்பாலும் உள்ள வந்துடும். எச்டி 280 நல்லாவே தடுக்கும், காரணம் தலையை இறுக்கிப் பிடிக்கும், கண்ணாடியோட ஒரு மணி நேரம் போட்டா காதுக்கு மேல கம்பி அழுத்தற இடம் வலிக்க ஆரம்பிச்சிடும். தடுப்பு முக்கியம்னு ஏன் சொல்றேன்னா, வெளிச்சத்தம் வந்தா நாம வால்யூமைத்தான் ஏத்துவோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு 80 டெசிபல்ல வாரம் 40 மணி நேரம்னு ஒரு அளவு சொல்லுது, 90க்குப் போனா அது வாரம் 4 மணி நேரமா சுருங்கிடுது.

ஈக்வலைசர் விஷயம். ட்யூனிங் வித்தியாசத்துக்காக மேல் மாடலுக்குப் போறதா இருந்தா, அதுக்கு முன்னாடி இதை ட்ரை பண்ணுங்க, இலவசம். விண்டோஸ்ல ஈக்வலைசர் ஏபிஓ இருக்கு, ஆட்டோஈக்யூன்னு ஒரு திட்டத்துல பிரபலமான ஹெட்ஃபோன் எல்லாத்துக்கும் செட்டிங் ரெடியா கிடைக்கும். போடும்போது ப்ரீஆம்ப் (மொத்த சத்த அளவு) மைனஸ்ல இருக்கான்னு பாத்துக்கங்க, எதாவது ஒரு பேண்டை (ஒலிப் பகுதியை) 6 டெசிபல் தூக்கினா மொத்தத்தை 6 டெசிபல் இறக்கணும், இல்லன்னா சத்தமான இடத்துல கரகரன்னு கிளிப் ஆகும். டிடி 770ல 8,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு 4, 5 டெசிபல் இறக்கிப் பாருங்க, ஆளே மாறிடும், குத்தல் எந்த இடத்துலங்கறது காதுக்குக் காது கொஞ்சம் தள்ளும், அதனால ஒரு டோனை 6,000லருந்து 10,000 வரை மெதுவா ஓட்டி எங்க சட்டுனு கத்துதோ அங்க இறக்குங்க. ஈக்வலைசரால முடியாததும் இருக்கு. பேட் கசியறதால போன பேஸை மேல தூக்கினா, தலையை அசைக்கும்போதெல்லாம் பேஸ் ஏறி இறங்கும், ட்ரைவரும் திணறும். மூடின கப்புக்குள்ள ஒலி பின்சுவர்ல பட்டுத் திரும்பி வர்றதால ஒரு பெட்டிக்குள்ள இருந்து கேக்கற மாதிரி இருந்தா, அதை ஈக்வலைசர் முழுசா சரி பண்ணாது. இந்த எதிரொலியைக் கட்டுப்படுத்தறதுக்குத்தான், அதாவது கப்போட ஆழம், உள்ள வைக்கற டேம்பிங் துணி, சுவரோட வடிவம் இதுக்குத்தான், விலை கூடின க்ளோஸ்டு பேக்ல கூடுதல் காசு குடுக்கறதுல நியாயம் இருக்கு.

கடையிலயோ நண்பர் கிட்டயோ ரெண்டை வச்சுக் கேட்டுப் பாக்க வாய்ப்பு கிடைச்சா, தயவு செஞ்சு சத்தத்தை சமப்படுத்திட்டுக் கேளுங்க. ஒரு டெசிபல் சத்தம் கூட இருக்கறது 'சத்தமா இருக்கு'ன்னு தோணாது, 'தெளிவா இருக்கு, உயிரோட்டமா இருக்கு'ன்னு தோணும், எம்50எக்ஸ் எம்20எக்ஸைவிட ஸ்பெக்லயே 3 டெசிபல் சத்தம் ஜாஸ்தி, அப்ப ஒரே வால்யூம்ல மாத்தி மாத்திப் போட்டா ஜெயிக்கறது யாருன்னு முன்னாடியே தெரியும். மைக் எல்லாம் வேண்டாம், பேச்சு மட்டும் இருக்கற ஒரு ரெக்கார்டிங்கைப் போட்டு ரெண்டுலயும் அந்தக் குரல் ஒரே தூரத்துல இருக்கற மாதிரி வால்யூமை வச்சுக்கங்க, அதுக்கப்புறம் பாட்டு. நல்லா மனசுல பதிஞ்ச பாட்டா எடுங்க, டெமோ பாட்டு எதுலயும் நல்லாத்தான் இருக்கும். ரெண்டு நிமிசம் கேட்டு முடிவு பண்ணாதீங்க, மொத ரெண்டு நிமிசத்துல பேஸும் ட்ரெபிளும் ஜாஸ்தியா இருக்கறதுதான் பிடிக்கும், முக்கால் மணி நேரம் கழிச்சு காதைக் கழட்டி வைக்கணும் போல இருந்தா அதுதான் உண்மையான ரிசல்ட். எடையும் அப்பத்தான் தெரியும், எம்20எக்ஸ் சுமார் 190 கிராம், எம்50எக்ஸ் 285, கையில பிடிச்சா ஒன்னும் தெரியாது, உச்சந்தலைல தெரியும்.

சரி, உங்களுக்கு என்ன வாங்கறது. கண்ணாடி, நீண்ட நேரம், வீட்டுலதான் கேக்கறதுன்னா டிடி 770 ப்ரோ 80 ஓம், மேல சொன்ன ஈக்வலைசரோட. போன்ல, வெளிய எடுத்துட்டுப் போறது ஜாஸ்தின்னா எம்40எக்ஸ், கூட ஒரு குட்டி கேபிள், கூட வர்ற பேட் கொஞ்சம் சின்னது, ஆழம் கம்மி, அதனால கொஞ்ச நாள் கழிச்சு அகலமான பேட் ஒன்னு மாட்டிக்கங்க, மாட்டினதும் டோன் கொஞ்சம் மாறும், ஈக்வலைசரை மறுபடி தொட வேண்டி வரும். பட்ஜெட் அவ்ளோ இல்லன்னா எம்20எக்ஸ் எடுத்துட்டு மிச்சத்தை மைக்ல போடுங்க, ரெக்கார்ட் பண்றப்ப ஹெட்ஃபோன்லருந்து சத்தம் மைக்குக்குள்ள கசியக் கூடாது, குரல் தெளிவா கேக்கணும், அதுக்கு எம்20எக்ஸ் தாராளம். எம்50எக்ஸை நான் வேண்டாம்னு சொல்லல, அந்த கும்மு பிடிச்சிருந்தா வாங்குங்க, அது மேல இருக்கற மாடல்ங்கறதுக்காக வாங்காதீங்க.

ஆன்லைன்ல வாங்கறதா இருந்தா ரிட்டர்ன் எத்தன நாள்னு மொதல்ல பாருங்க, ரொம்ப விக்கற மாடல்லதான் போலியும் ஜாஸ்தி, விலை நம்ப முடியாத அளவுக்குக் கம்மியா இருந்தா விட்டுடுங்க. வந்ததும் மொத நாளே மோனோல (ரெண்டு காதுக்கும் ஒரே ஒலி) ஒரு குரல் பதிவைப் போட்டு அது நடு மண்டைல நிக்குதா பாருங்க, ஒரு பக்கம் சாஞ்சா ஹெட்ஃபோனை இடம் வலமா திருப்பிப் போட்டுக் கேளுங்க. சாய்வும் கூடவே பக்கம் மாறுச்சுன்னா ஹெட்ஃபோன்லயோ சொருகின போன், லேப்டாப்லயோ பிரச்சினை, வேற ஒன்னுல சொருகியும் அப்படியே இருந்தா மாத்தி வாங்கிடுங்க. மாறாம அதே பக்கம் நின்னா உங்க காது, இல்ல கண்ணாடிக் கம்பி அந்தப் பக்கம் பேட்டைத் தூக்குது.